ஒரு கையால் தூக்கும் ஷட்டர்

ஜைனப் அக்கா வலது கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, இடது கையால் ஷட்டரின் பிடியைப் பற்றி மேலே இழுத்தார். ஷட்டர் அசையவில்லை. மறுபடி இழுத்தார். அடியில் குவிந்திருந்த மணல் கொஞ்சம் சரிந்தது. அவ்வளவுதான்.

அவருக்கு அப்போது ஒன்பதாவது மாதம்.

“பாத்துகினியா தம்பி?” என்றார். “இத்த நான் ஒரு கையில தூக்கணும். பெயின்ட் வேணாம், புதுப் பூட்டு வேணாம். ஒரு கையில தூக்கணும், அவ்ளோதான்.”

“நீங்க ஏன்க்கா தூக்கணும்? பாய் தூக்க மாட்டாரா?”

“பாய் வூட்ல இல்லாத நேரமாப் பாத்துத்தான் எல்லாம் வரும்.”

பக்கத்தில் நின்ற அவருடைய கணவர் காசிம் பாய் பீடியைக் காலால் தேய்த்து அணைத்தார்.

மாமல்லபுரத்தில் கடலுக்குப் போகும் தெரு ஒன்றில் அந்த ஷெட் இருந்தது. உள்ளே ஒரு அம்பாசடர் டாக்சி. காரின் முதலாளி செங்கல்பட்டில் இருந்தார். காசிம் பாய் டிரைவர். கோயில் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு திருக்கழுக்குன்றத்துக்கும் செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கும் ஓட்டுவார். வீடு ஷெட்டுக்கு எதிரிலேயே. தெருவைத் தாண்டினால் கார்.

ஆனால் ஷட்டரைத் தூக்க நான்கு ஆள் வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஜைனப் அக்காவுக்கு முதல் பிரசவ வலி வந்தபோது தெருவில் நான்கு ஆள் இல்லை. ஆம்பளைகள் எல்லாம் வலை இழுக்கப் போயிருந்தார்கள். காசிம் பாய் கரை வரைக்கும் ஓடி ஆள் பிடித்து வருவதற்குள் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. பெண் குழந்தை. தங்கவில்லை.

இதை என்னிடம் சொன்னது காசிம் பாய். ஜைனப் அக்கா அதைப் பற்றிப் பேசவில்லை. ஷட்டரைப் பற்றி மட்டும்தான் பேசினார். ஆஸ்பத்திரி நர்ஸ் இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் என்று சொல்லியிருந்தார்.

கீழே இருந்து பார்த்தது

உப்பளத்தை விட்டு வந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அங்கிருந்து நேரே செங்கல்பட்டுக்கு வந்து ஒரு வெல்டிங் பட்டறையில் சேர்ந்தேன். வேலை தெரியுமா என்று முதலாளி கேட்டார். தெரியும் என்றேன். தெரியாது. ஒரு மாதத்தில் தெரிந்துகொண்டேன். என் வாழ்க்கையில் பெரும்பாலான வேலைகளில் நான் இப்படித்தான் சேர்ந்தேன்.

பட்டறையில் கிரில், கேட், ஷட்டர் மூன்றும் செய்வோம். எனக்கு ஷட்டர்தான் பிடித்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு.

கருங்குழியில் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நான் சுற்ற ஆரம்பித்த முதல் ஒன்றிரண்டு வருஷம், பல ஊர்களில் மூடிய கடைகளின் முன்னால்தான் படுத்தேன். சிங்கப்பெருமாள் கோயில் என்கிற ஊரில் ஒரு மளிகைக் கடை, ஊரப்பாக்கத்தில் ஒரு சைக்கிள் கடை. விடிந்ததும் கடைக்காரர் வந்து, “யேய், எழுந்திரு” என்று காலால் தட்டுவார். நான் பாயைச் சுருட்டுவதற்குள் தலைக்கு மேலே ஷட்டர் கிளம்பிவிடும். அதனால் ஷட்டரை நான் முதலில் கீழே இருந்துதான் பார்த்தேன்.

ஒவ்வொரு ஷட்டருக்கும் ஒரு சத்தம் உண்டு. மளிகைக் கடையுடையது சில்லறையைத் தகரத்தில் கொட்டினதுபோல இருக்கும். சைக்கிள் கடையுடையது பாதி வரைக்கும் முனகி, பிறகு ஒரே ஓட்டமாக ஓடும். கண்ணை மூடிக்கொண்டே எந்த ஊரில் படுத்திருக்கிறேன் என்று சொல்லிவிடுவேன்.

இவ்வளவு தெரிந்தவன் மாமல்லபுரத்தில் காதைப் பயன்படுத்தாமல் விட்டேன். அதுதான் இந்த வாரக் கதை.

மாதிரி கொண்டா

ஷட்டர் எப்படி மேலே போகிறது என்பதைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. வாசலுக்கு மேலே குறுக்காக ஒரு இரும்பு பைப் இருக்கும். அதில் இரண்டு மூன்று இரும்பு டப்பாக்கள். ஒவ்வொரு டப்பாவுக்குள்ளும் தட்டையான எஃகுப் பட்டை ஒன்று சுருட்டி வைத்திருக்கும், சுவர்க் கடிகாரத்துக்குள் இருக்கிற மாதிரி, ஆனால் பெரியது. அதுதான் ஸ்பிரிங். ஷட்டர் கீழே வரும்போது ஸ்பிரிங் முறுக்கிக்கொள்ளும். மேலே தூக்கும்போது அந்த முறுக்கு பெரும்பாரத்தை, சரியாக இருந்தால் கிட்டத்தட்ட முழுப் பாரத்தையும் தூக்கிக் கொடுக்கும். மனிதன் கை வைப்பது ஒரு பேருக்குத்தான்.

காசிம் பாய் ஷெட்டுக்குப் பட்டறையிலிருந்து என்னைத்தான் அனுப்பினார்கள். ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். மூன்று டப்பா. இரண்டில் ஸ்பிரிங் உடைந்திருந்தது. மூன்றாவது உயிரோடு இருந்தாலும் தளர்ந்துபோயிருந்தது.

“அவ்ளோதான் பாய். மூணையும் மாத்திட்டா ஓடும்.”

“போன தபா வந்தவனும் இதான் சொன்னான்,” என்றார் காசிம் பாய்.

“காரை வெளியிலேயே நிறுத்தினா இன்னா?”

“ஒரு மழைக்காலம் நிறுத்துனேன். உப்புக்காத்து கதவுக்கு அடியில தின்னுட்ச்சு. சரி, ஷெட்டத் தொறந்தே போடலாம்னு சவுக்குக் கட்டய முட்டுக் குடுத்து வெச்சேன். ஸ்டெப்னி போச்சு. மொதலாளி சொல்ட்டாரு, வண்டி ஷெட்டுக்குள்ள பூட்டி இருக்கணும், இல்லாட்டி சாவியக் குடுத்துட்டுப் போன்னுட்டாரு.”

எங்கள் தொழிலில் அப்போது ஒரு வழக்கம். யாரும் எதையும் அளந்து எழுதிக்கொண்டு போக மாட்டோம். எது உடைந்ததோ அதையே சாக்கில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோவோம். கடைக்காரர் வாயைத் திறந்தால் முதல் வார்த்தை, “மாதிரி கொண்டாந்தியா?” என்பதுதான். மாதிரியைப் பார்ப்பார், அதே மாதிரி ஒன்றை எடுத்துப் போடுவார். படிக்காதவனுக்கும் தொழில் செய்ய முடிந்ததற்கு இந்த வழக்கம்தான் காரணம். நானும் அதை நம்பித்தான் பிழைத்தேன்.

உடைந்த ஸ்பிரிங்குகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு மறுநாள் காலை ரயிலில் சென்னைக்குப் போனேன். டிக்கெட் பரிசோதகர் காலால் சாக்கைத் தள்ளினார். உள்ளே ‘டொய்ங்’ என்று சத்தம் வந்தது.

“இன்னாப்பா இது, கடிகாரமா?”

“ஆமா சார். கொஞ்சம் பெரிய கடிகாரம்.”

அவர் சிரிக்கவில்லை. டிக்கெட்டை இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

பாரிமுனைப் பக்கத்து இரும்புக் கடையில் இருந்த குமாஸ்தா மாதிரியின் அகலத்தையும் கனத்தையும் பார்த்தார். உள்ளே போய் மூன்று புதுசு கொண்டுவந்தார். பழசின் மேல் புதுசை வைத்துக் காட்டினார். ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை. துளை இருக்கிற இடம்கூட அதே இடம்.

“அண்ணன் தம்பி மாதிரி கீது, பாரு,” என்றார்.

எனக்கு ரொம்பத் திருப்தி. திரும்பி வரும்போது ரயிலில் தூங்கிவிட்டேன்.

மூன்றாம் நாள்

புது ஸ்பிரிங் மூன்றையும் மாட்டினேன். பைப்பைத் திருப்பி முறுக்கு ஏற்றினேன். ஷட்டர் ஏறியது, ஆனால் சோம்பலாக ஏறியது. இரண்டு கையும் போட்டு, மூச்சுப் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. புது ஸ்பிரிங் இப்படி இருக்கக்கூடாது.

அப்போது நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் இன்னும் ஒரு சுற்று முறுக்கினேன். பிறகு இன்னொரு சுற்று. இப்போது ஷட்டர் சுலபமாக ஏறியது. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். ஜைனப் அக்கா எனக்கு ஒரு தட்டில் இடியாப்பமும் மீன் குழம்பும் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

மூன்றாம் நாள் காலை காசிம் பாய் சவாரிக்குக் கிளம்பி ஷட்டரைத் தூக்கியிருக்கிறார். நெஞ்சு உயரம் வந்ததும் மேலே துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். ஸ்பிரிங்கின் நுனி, அதைப் பிடித்திருந்த ஆணியைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. ஷட்டர் மொத்தமும் கீழே வந்தது. அவர் பின்னால் குதித்துவிட்டார். வலது காலின் கட்டைவிரல் மட்டும் குதிக்கவில்லை.

தகவல் வந்து நான் போனபோது அவர் காலைத் துணியில் சுற்றி, ஒரு முக்காலியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நகம் போயிருந்தது.

“ஆக்சிலேட்டர குதிகால்ல மிதிக்கலாம், ஏகா,” என்றார் என்னிடம். என் பெயர் ஏகாம்பரம். “மிதிச்சுப் பாத்தேன். ஓடுது.”

“தப்பு என்னுதுதான் பாய்.”

ஜைனப் அக்கா உள்ளே இருந்து வந்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நகம் மொளச்சிக்கும் தம்பி,” என்றார். “ஷட்டருக்கு வழி இன்னா, அத்தச் சொல்லு.”

நான் உடைந்த ஸ்பிரிங்கைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பழசும் இதேதான், புதுசும் இதேதான். பழசு உடைந்தது, புதுசும் உடைந்தது. கடைக்காரர் மட்டமான சரக்கைக் கொடுத்துவிட்டார் என்றேன். அப்படிச் சொல்வதுதான் சுலபம்.

ஜைனப் அக்காவின் காது

“எங்க அத்தாவுக்கு செங்கல்பட்டு பஜார்ல துணிக்கடை,” என்றார் ஜைனப் அக்கா. அத்தா என்றால் அவருடைய அப்பா. “அந்த ஷட்டரு எறக்குனா ஜல்லுன்னு சத்தம் வரும். தெருக்கோடி வரைக்கும் கேக்கும். நாங்க வூட்ல இருந்துகினே, அத்தா கடை சாத்திட்டாரு, சோறு போடுன்னு சொல்லுவோம். இது அப்பிடி இல்ல. மூட்டய தூக்கிப் போட்ட மாதிரி தொம்முனு விழுது. நானும் ரெண்டு வருசமா கேட்டுகினு கீறேன். இரும்பு ஏன் தம்பி மூட்ட மாதிரி விழுது?”

நான் எழுந்துபோய் ஷட்டரைக் கையால் தட்டினேன். சத்தமே இல்லை. சுவரைத் தட்டினதுபோல இருந்தது.

எதிர் வரிசையில் கல் வேலை செய்கிறவரிடம் தேய்ந்த உளி ஒன்றை வாங்கிவந்தேன். ஷட்டரின் ஓரத்தில் வைத்து ஒரு தட்டுத் தட்டினேன். கறுப்பாக ஒரு பத்தை பெயர்ந்து விழுந்தது. அதற்குக் கீழேயும் கறுப்பு. மறுபடி தட்டினேன். அதற்குக் கீழேயும் கறுப்பு. விழுந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் வரிவரியாக இருந்தது. தார் ஒரு வரி, மணல் ஒரு வரி, தார் ஒரு வரி.

ஷெட்டின் சொந்தக்காரரைத் தெருவில் நாட்டார் என்பார்கள். அந்தக் காலத்தில் சொந்தமாகப் படகு வைத்திருந்தவர். வயதான பிறகு மீன் ஏலம் மட்டும் எடுத்துக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால் படகுக்குத் தார் அடிப்பது அவர் வழக்கம். படகை விற்றுவிட்டார். வழக்கம் போகவில்லை. ஷட்டருக்கு அடித்தார். உள்பக்கம் ஒரு கை, வெளிப்பக்கம் ஒரு கை. காற்றில் பறந்து வந்த மணல் ஈரத் தாரில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த வருஷம் அதன் மேலேயே அடுத்த கை.

ஷட்டர் வைத்துப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

நான் கொண்டுபோன மாதிரியில் ஒரு தப்பும் இல்லை. அது சரியான ஸ்பிரிங்தான். ஆனால் பதினோரு வருஷத்துக்கு முன்னால் இங்கே இருந்த ஷட்டருக்குச் சரியானது. அந்த ஷட்டர் இப்போது இல்லை. அதன் மேல் இன்னொரு ஷட்டர் தாராலேயே வளர்ந்திருந்தது. முன்பு வந்தவனும் உடைந்ததையே கொண்டுபோய் அதையே வாங்கி வந்து மாட்டியிருப்பான். நானும் அதையே செய்தேன். அதுவும் போதாதென்று முறுக்கை ஏற்றிப் பிய்த்தும் வைத்தேன்.

விறகுத்தொட்டித் தராசு

தாரைச் சுரண்டிவிடலாம் என்றேன். நாட்டார் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

“எவன்டா அவன் என் ஷட்டர்ல உளி வெச்சது?”

“நான்தாங்க.”

“இந்தத் தெருவுல எத்தினி ஷட்டரு கீது? போய்ப் பாரு. எல்லாம் சல்லடையாப் போச்சு. என்னுதுல ஒரு பொத்தல் காட்டு. காட்டிட்டு அப்பறம் சொரண்டு.”

பார்த்தேன். பொத்தல் இல்லை. அவர் சொன்னது நியாயம். அந்தத் தெருவில் மற்ற ஷட்டர்களின் அடிப்பாகம் துருப்பிடித்துத் தாளாக உதிர்ந்துகொண்டிருந்தது.

“நாட்டாரே, பாரம் ஏறிப்போச்சு. தூக்க முடியல,” என்றார் காசிம் பாய் தாழ்வாக.

“தூக்கறதுக்கு ஆளு வெச்சுக்கோ. இரும்பு இளைக்கக் கூடாது பாய்.”

ஜைனப் அக்கா வாசலில் நின்றார். நாட்டார் அவர் வயிற்றைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு முன்பு நடந்தது அவருக்கும் தெரியும்.

“சொரண்டக் கூடாது,” என்றார் மறுபடி, கொஞ்சம் இறங்கின குரலில். “வேற இன்னா வேணா பண்ணிக்கோ.”

வேறு என்ன என்று எனக்கும் அப்போதுதான் புரிந்தது. உடைந்ததைப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை. தூக்க வேண்டியதைத்தான் பார்க்க வேண்டும். இது எத்தனை கிலோ?

ஷட்டர் என்பது நீளப் பட்டிகளை ஒன்றோடொன்று கோத்துச் செய்ததுதான். பக்கவாட்டில் உருவினால் ஒவ்வொன்றாக வந்துவிடும். கரைக்குப் போய் ஆள் கூட்டி வந்தோம். வாசலில் இருந்து பட்டிகளை உருவி, இரண்டு தெரு தள்ளி இருந்த விறகுத்தொட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பெரிய தட்டுத் தராசு அங்கே மட்டும்தான் இருந்தது.

விறகுத்தொட்டிக்காரர் எங்களைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

“யோவ், இன்னாய்யா இது? சவுக்குக் கட்ட நிறுக்கற தராசுல ஷட்டர நிறுக்கறீங்க? நாளைக்குக் கோயில் தேர இஸ்துகினு வருவீங்களா?”

“நிறுய்யா,” என்றார் நாட்டார். அவரும் கூடவே வந்திருந்தார்.

தொண்ணூற்றொரு கிலோ.

ஷட்டர் விழுந்ததில் நசுங்கிப்போயிருந்த ஒரே ஒரு பட்டியை நாட்டாரிடம் கேட்டு வாங்கி, உளியால் முழுக்கச் சுரண்டினேன். அதையும் சுரண்டாத பட்டி ஒன்றையும் தனித்தனியாக நிறுத்துப் பார்த்தேன். சுரண்டினது இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. சுரண்டாதது மூன்று கிலோ. கணக்குப் போட்டால், ஷட்டர் பிறந்தபோது அறுபது கிலோதான் இருந்திருக்கும்.

“தொண்ணூத்தியொண்ணு,” என்று நாட்டார் சுற்றி இருந்தவர்களிடம் சொன்னார். அவர் முகத்தில் பெருமை. “நம்பளுது தொண்ணூத்தியொரு கிலோ.”

நான் சிகரெட் அட்டை ஒன்றைக் கிழித்து, அதில் 91 என்று எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். தொழிலில் சேர்ந்த பிறகு நான் எழுதிய முதல் எழுத்து அதுதான்.

அரிசிக் கடையா?

மறுபடி ரயில், மறுபடி அதே கடை, அதே குமாஸ்தா.

“மாதிரி கொண்டாந்தியா?”

“இல்லண்ணே. கிலோ கொண்டாந்தேன்.”

“கிலோவா? இது இன்னா அரிசிக் கடையா?”

அட்டையை நீட்டினேன். அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்திருந்த ஸ்டூலை விட்டு எழுந்தார்.

“ஷட்டர நிறுத்தியா? எங்க நிறுத்த?”

“விறகுத்தொட்டியில.”

“அடப்பாவி,” என்றார். திட்டவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். “ஒரு பய நிறுக்க மாட்டான். எல்லாவனும் ஒடஞ்சதத் தூக்கிகினு வருவான். நானும் அதப் பாத்து அதையே குடுப்பேன். இன்னா அகலம் ஷட்டரு?”

“எட்டடி.”

“மூணு டப்பா வெச்சு தொண்ணூறு கிலோவத் தூக்கினா அந்த மூணுக்கும் மூச்சு வாங்கும். நாலு வை. பைப்புல எடம் கீதா?”

“கீது.”

“பட்டை கொஞ்சம் கனமாப் போடணும். ஒண்ணு இருவத்திமூணு கிலோ தூக்கறது. பைப்பு எத்தினி இஞ்சு?”

அதை நான் அளக்கவில்லை. ஆனால் பழைய டப்பா ஒன்றைச் சாக்கில் போட்டுவந்திருந்தேன். பழக்கம். அதன் நடுத்துளையைக் காட்டினேன். ஒன்றரை இஞ்ச். சரியாக இருந்தது. மாதிரிக்கும் அதற்கான ஒரு உபயோகம் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது குமாஸ்தா கூப்பிட்டுச் சொன்னார்: “சும்மா சும்மா முறுக்காத. சரியான ஸ்பிரிங்க்னா ரெண்டரை சுத்து போதும். அதுக்கு மேல கேட்டுதுன்னா ஸ்பிரிங்கு தப்பு.”

இதை அவர் முதல் தடவையே சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம்.

இடது கை

நான்கு டப்பாவையும் மாட்ட ஒரு பகல் முழுக்க ஆனது. பைப்பைத் திருப்பும்போது கை நழுவினால் அதைக் கவ்வியிருக்கிற ரெஞ்சு வந்து தாடையைப் பேர்த்துவிடும். எங்கள் பட்டறையிலேயே ஒருவருக்கு அப்படி முன்பல் போனது. அதனால் மெதுவாகத் திருப்பினேன். ஒன்று. இரண்டு. இரண்டரை. நிறுத்தினேன். கை அரித்தது. இன்னும் ஒரு கால் சுற்று என்று மனசு சொன்னது. திருப்பவில்லை.

காசிம் பாய் நொண்டிக்கொண்டு தூக்க வந்தார்.

“நீங்க நில்லுங்க,” என்றார் ஜைனப் அக்கா.

தெருவில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கல் வேலைக்காரர் உளிச் சத்தத்தை நிறுத்திவிட்டு வந்து நின்றார். நாட்டாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகினார். வலது கையை இடுப்பில் ஊன்றினார். இடது கையால் பிடியைப் பற்றினார்.

தூக்கினார்.

முழங்கால் உயரத்துக்கு அவர் தூக்கினார். அதற்கு மேல் ஷட்டர் தானாகப் போனது. அவசரமில்லாமல், நின்று நின்று, உச்சிக்குப் போய் நின்றது. இருட்டில் இருந்து அம்பாசடரின் மூஞ்சி வெளிச்சத்துக்கு வந்தது.

யாரோ கை தட்டினார்கள். அக்கா அதைக் கவனிக்கவில்லை. கீழே இறக்கினார். மறுபடி தூக்கினார். மறுபடி இறக்கினார். மறுபடி தூக்கினார்.

“சரி,” என்றார். உள்ளே போய்விட்டார்.

எனக்கு அன்றைக்கு இடியாப்பம் கிடைக்கவில்லை. மறந்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை

அடுத்த வாரம் பட்டறை வாசலில் அந்த டாக்சி வந்து நின்றது. காசிம் பாய் இறங்கினார். இப்போதும் நொண்டிக்கொண்டுதான் வந்தார். கையில் ஒரு பொட்டலம்.

“இந்தா, ஜிலேபி. பையன்.”

“அக்கா?”

“நல்லா கீது. ஆஸ்பத்திரியில கீது.”

எப்படி நடந்தது என்று கேட்டேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு சொன்னார்.

வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். தொழுகை நடுவில் ஹாரன் சத்தம் கேட்டதாம். முதலில் யாரோ டூரிஸ்ட் என்று நினைத்தாராம். ஆனால் நிற்கவில்லை. ஒரே இழுப்பாக, விடாமல். அம்பாசடர் ஹாரன். கொஞ்சம் சளி பிடித்தமாதிரி அடிக்கும். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அது யார் கார் என்று தெரியும். பக்கத்தில் நின்றவர் திரும்பி இவரைப் பார்த்துவிட்டாராம்.

“தொழுகைய வுட்டுட்டு ஓடுனேன் ஏகா. நொண்டிகினே ஓடுனேன். போய்ப் பாத்தா ஷட்டரு மேல கீது. வண்டிக்குள்ள முன்னாடி சீட்ல சாஞ்சுகினு, ஸ்டீரிங் பக்கம் கைய நீட்டி ஹாரன அமுக்கிகினு கீறா. பக்கத்துல நாட்டாரு நிக்கிறாரு. திருடன்னு நெனச்சுக் கட்டயத் தூக்கிகினு வந்திருக்காரு.”

“அக்கா தானாத் தூக்கினாங்களா?”

“வேற யாரு? நாட்டாரு வர்ற வரைக்கும் தெருவுல ஒரு ஆளு இல்ல. எல்லாம் தொழுகையில, மீதிப் பேரு கடல்ல.” நீட்டின காலின் துணிக்கட்டைச் சரிசெய்தார். “எத்தினி கையில தூக்குனன்னு கேட்டேன். வண்டியில வலியில கத்திகினே, இடது கையாலன்னு சொல்றா.”

திருக்கழுக்குன்றம் தாண்டும்போது அவர் வண்டியை நிறுத்தவில்லை. அந்த இடத்தில் திரும்பிப் பார்க்கவும் இல்லை. குதிகாலால் மிதித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

ஷட்டரை இறக்காமலேயே போய்விட்டார்களாம். நாட்டார்தான் இறக்கிப் பூட்டி, சாவியை மடியில் முடிந்துகொண்டாராம்.

ஜிலேபியைப் பட்டறையில் எல்லோரும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். அப்புறம் எனக்கு ஒரு கேட் வேலை இருந்தது. அதற்குப் போனேன்.

சில மாதங்களில் நான் அந்தப் பட்டறையை விட்டுவிட்டேன். காரணம் ஒன்றுமில்லை. ஒரே ஊரில் நிறைய நாள் இருந்துவிட்டேன் என்று தோன்றியது.

அதற்கடுத்த ஐப்பசி கழிந்து, ஊரப்பாக்கத்தில் ஒரு டீக்கடையில் மாமல்லபுரத்து லாரி டிரைவர் ஒருவரைப் பார்த்தேன். அந்தத் தெருக்காரர். பேச்சுவாக்கில் ஷட்டரைப் பற்றிக் கேட்டேன்.

மழைக்கு முன்னால் நாட்டார் வழக்கம்போலத் தார்ச் சட்டியும் தென்னை மட்டையுமாக வந்தாராம். ஜைனப் அக்கா எதிர்வீட்டில் இருந்து வந்து, ஷட்டரைப் பாதி தூக்கி நிறுத்தி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதற்கு நேர் கீழே போய் நின்றாராம்.

“அடிங்க நாட்டாரே,” என்றாராம். “நான் இங்கியே நிக்கிறேன். நீங்க அடிங்க.”

நாட்டார் ஷட்டரைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். தார்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டு வாசற்கதவுக்கு அடித்தாராம், இரண்டு பக்கமும்.